ஹனிபா காக்காவின் பூச்சியம்

1

கறுப்பு அங்கிக்கு அளவு கேட்டு, எங்கள் பீடத்துக் கந்தோரிலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. தோள் அகலம், உயரம், தொப்பிக்காகத் தலையின் சுற்றளவு. நான் ஓய்வு பெறப் போகிறேன். நெதர்லாந்தில் ஒரு பேராசிரியர் சும்மா ஓய்வு பெற்று வீட்டுக்குப் போய்விட ஏலாது. விடைபெறும் உரை என்று ஒன்று வைப்பார்கள். மற்றப் பேராசிரியர்கள் அங்கி போட்டுக்கொண்டு இரண்டிரண்டு பேராக வரிசையில் வந்து முன்னால் உட்காருவார்கள். ஓய்வு பெறுபவர் மேடையேறி முக்கால் மணிநேரம் தன் வாழ்நாள் ஆய்வைப் பற்றிப் பேசுவார். கடைசியில் "சொல்லி முடித்தேன்" என்று அவர்களுடைய மொழியில் சொல்லவேண்டும். அதைச் சொன்ன பிறகுதான் கைதட்டுவார்கள். அதன்பின் வைனும் பாற்கட்டியும்.

அலுவலகத்தைக் கந்தோர் என்று எழுதியதும் ஒரு பழைய கதை நினைவுக்கு வருகிறது. இந்த நாட்டுக்காரரான ஒல்லாந்தர் திருகோணமலைக் கோட்டையை விட்டுப் போனபோது எங்களிடம் விட்டுச்சென்ற சொற்களில் கந்தோரும் ஒன்று, கக்கூசும் ஒன்று. நான் இங்கே அகதியாக வந்து இறங்கிய கிழமை, ஒரு கட்டட வாசலில் அந்த முதலாவது சொல்லைக் கண்டு, சொந்தக்காரர் வீட்டுக்கு வந்துவிட்டதுபோல மகிழ்ந்தேன். அந்தக் கந்தோரில்தான் என்னை ஒரு பகல் முழுவதும் இருத்திவைத்து, பிறந்த திகதியை ஆள்மாறி ஆள் கேட்டார்கள். அவசரம் தாங்காமல் இரண்டாவது சொல்லையும் நம்பிக் கேட்டேன். மேசையிலிருந்த பெண்ணின் முகம் சிவந்துவிட்டது. அது இப்போது இங்கே மனிதர் முன் சொல்லும் சொல் இல்லையாம்.

திருகோணமலையில் கணித ஆசிரியராக இருந்தவன் நான். இங்கே வந்து காளான் பண்ணையில் பெட்டி தூக்கி, இரவு வகுப்பில் மொழி படித்து, நாற்பது வயதைத் தாண்டிய பிறகு பொருளாதார அளவையியலில் ஆராய்ச்சி மாணவனாகச் சேர்ந்தேன். மனிதர்களின் பிழைப்பைப் பற்றி யாராவது ஒரு கருத்துச் சொன்னால், அது சரியா பிழையா என்று எண்களை வைத்துப் பார்ப்பது இந்தத் துறையின் வேலை. அப்படித்தான் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்து வந்திருக்கிறேன்.

அங்கியைப் போட்டுப் பார்க்கக் கூப்பிட்டார்கள், போனேன். கண்ணாடியில் தெரிந்த ஆளைப் பார்க்க எனக்கு அருவருப்பாக இருந்தது. ஏன் என்பதை ஊரில் இருக்கும் நீங்கள் வாசிக்கவேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். இங்கே சொன்னால் மரியாதையாகத் தலையாட்டிவிட்டு அடுத்த கூட்டத்துக்குப் போய்விடுவார்கள்.

2

அங்கி போட்டுப் பார்த்ததற்கு முதல்நாள் பின்னேரம் எனக்கு வட்ஸ்அப்பில் ஓர் அழைப்பு வந்திருந்தது. தெரியாத இலங்கை இலக்கம்.

"சேர், சுகமா இரிக்கீங்களா? நான் கிண்ணியா நஸ்ரீமா."

எனக்கு உடனே பிடிபட்டது. என் ஆராய்ச்சிக்காக மீனவர் வீடுகளில் விபரம் சேகரித்தபோது, வீடு வீடாகப் போய்ப் படிவம் நிரப்பித் தந்த பிள்ளை. அப்போது உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு மறுமொழிக்காகக் காத்திருந்தாள். இப்போது அவளும் கணித ஆசிரியை, மூன்று பிள்ளைகளின் தாய்.

நலம் விசாரித்து முடிந்ததும் விசயத்துக்கு வந்தாள். துறைமுகத்தை விரிவாக்கும் திட்டம் ஒன்று வரப் போகிறதாம். உட்குடாவில் ஒரு பெரிய பகுதியைச் சிறு தோணிகளுக்கு மூடப் போகிறார்களாம். மூடினால் அந்தக் கரைகளில் இருக்கும் குடும்பங்களுக்கு ஒரே ஒரு மீன்பிடிப் பருவத்துக்கு மட்டும் உதவி கொடுப்பார்களாம், அதற்குப் பிறகு தேவைப்படாதாம்.

"ஏன் தேவைப்படாது எண்டு கேட்டா, ஆராய்ச்சி சொல்லுதாம் சேர். தடை வந்தாலும் ஒரு பருவத்துக்குள்ள சனம் பழைய நிலைக்கு வந்திருமாம். திட்ட அறிக்கையில அடியில சின்ன எழுத்தில உங்கட பேர் இரிக்கு."

அவளே தொடர்ந்தாள்.

"பேரப் பாத்ததும் எனக்கு சந்தோசம். எங்கட சேர் எண்டு வீட்டில எல்லாருக்கும் காட்டின. பொறகுதான் இணையத்தில உங்கட கட்டுரையத் தேடி எடுத்து வாசிச்ச. விளங்கின மட்டும் வாசிச்ச. சேர், நாம எடுத்த வீடெல்லாம் அதில இல்லையே? கிட்டத்தட்ட நாலில ஒரு பங்கு காணல்ல."

"அது... சில படிவங்கள் பாவிக்க ஏலாமல் போனது, நஸ்ரீமா."

"ஏன் ஏலாமப் போன?"

"நான் பழைய கோப்புகளைப் பாத்திட்டுச் சொல்லுறன்."

"சரி சேர். எனக்கு ஒண்ட மட்டும் சொல்லுங்க. எங்கட வாப்பாட வீடு அதில இரிக்கா, இல்லையா?"

பார்த்துச் சொல்கிறேன் என்று மறுபடியும் சொன்னேன். பொய். பார்க்கத் தேவையே இல்லை. அவளுடைய தகப்பனாரின் வீடு அதில் இல்லை என்பது எனக்கு இருபது வருடங்களுக்கு மேலாகத் தெரியும்.

"ஆட்சேபம் எழுதிக் குடுக்க அடுத்த மாசக் கடைசி மட்டும்தான் தவணை" என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

3

அந்த விபரங்களை எடுத்தது சமாதானம் என்று சொல்லப்பட்ட காலத்தில். யுத்தத்துக்காக மீனவருக்குக் கடலில் போட்டிருந்த தடைகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தியிருந்தார்கள். அந்தத் தடைகள் மீனவர் பிழைப்பை என்ன செய்தன, தளர்ந்த பிறகு எவ்வளவு விரைவாக மீண்டார்கள் என்பதுதான் என் ஆய்வு. கிண்ணியாவுக்குப் பாலம் கட்டியிருக்கவில்லை. பாதை என்று நாங்கள் சொல்லும் அந்தத் தட்டையான படகில் சைக்கிள்களோடும் ஆடுகளோடும் நின்றபடி கடக்கவேண்டும். நான் அன்புவழிபுரத்தில் அக்கா வீட்டில் தங்கியிருந்து தினமும் காலையில் போய் வந்தேன். ஒருநாள் நகரத்தில் பஸ்ஸுக்கு நிற்கும்போது, எங்கள் ஊரில் தெருவில் திரியும் மான்களில் ஒன்று படிவக் கட்டின் ஒரு மூலையைக் கடித்துத் தின்றுவிட்டது. அதை நெதர்லாந்தில் என் மேற்பார்வையாளருக்குச் சொன்னபோது, விபரம் இழந்ததற்கு இப்படியொரு காரணத்தைத் தன் வாழ்நாளில் கேட்டதில்லை என்று சிரித்தார்.

விபரம் சேகரிப்பவர் தன் சொந்த வீட்டுப் படிவத்தைத் தானே நிரப்பக்கூடாது என்று ஒரு விதி. நான் போட்ட விதிதான். ஆகவே நஸ்ரீமாவின் வீட்டுக்கு நானே போனேன். அவளுடைய வாப்பா ஹனிபாவை, அங்கே அண்ணனைக் கூப்பிடும் முறையில், காக்கா என்றே கூப்பிட்டேன். அவர் முற்றத்தில் ஒரு கதிரையைக் கொண்டுவந்து போட்டார். உம்மா பிளேன்ரீயும் சீனியும் கொண்டுவந்து வைத்தார். வேலியோரம் ஒரு எஞ்சின் சாக்கால் சுற்றி வைக்கப்பட்டிருந்தது. துரு சாக்கையும் தாண்டி வெளியே வந்திருந்தது.

கேள்விகள் ஒவ்வொன்றாகப் போயின. கடைசிப் பருவத்தில் ஒரு கிழமைக்குச் சராசரியாக எத்தனை கிலோ மீன் பிடித்தீர்கள் என்ற கேள்வி வந்தது.

"ஒண்டும் இல்லை தம்பி."

"குறைஞ்சது ஒரு..."

"ஒண்டும் இல்லை. தடைக்குள்ள தோணி கரையில கிடந்து உழுத்துப் போச்சு. எஞ்சின் அந்தா கிடக்கு. தடைய எடுத்திட்டாங்க எண்டு சொன்னாங்க, ஓம், எடுத்திட்டாங்க. எதில போறது? நான் இப்ப கந்தளாயில ஆலையில நெல்லு மூட்டை தூக்குற. பூச்சியம் எண்டு எழுதுங்க."

எழுதினேன். எழுதியதை எட்டிப் பார்த்தார். பூச்சியத்தின் குறுக்கே நான் ஒரு கோடு இழுத்திருந்தேன். அது எங்கள் ஐயாவிடமிருந்து வந்த பழக்கம். ஐயா துறைமுகத்தில் எழுதுவினைஞராக இருந்தவர். கப்பலில் இருந்து எத்தனை மூட்டை இறங்கியது, எத்தனை உடைந்தது என்று பதிவது அவருடைய வேலை. பூச்சியத்துக்கு ஒரு வால் வைத்தால் ஆறாகிவிடும், ஒன்பதாகிவிடும் என்று ஒவ்வொரு பூச்சியத்தையும் குறுக்கே வெட்டிவிடுவார். வீட்டில் என் கணக்குக் கொப்பியிலும் அப்படித்தான் போடவேண்டும், இல்லாவிட்டால் குட்டு விழும்.

"இது என்ன கோடு தம்பி?"

"இப்பிடிப் போட்டால் ஒருத்தரும் மாத்த ஏலாது, காக்கா."

"அப்ப நல்லம்" என்றார் ஹனிபா காக்கா. "வடிவாப் போடுங்க. வெள்ளக்காரனுக்கும் விளங்கோணும்."

இன்னும் ஒரு தடவை அந்தக் கோட்டை அழுத்திப் போட்டேன். அவர் திருப்தியாகத் தலையாட்டியதை நான் மறக்கவில்லை. மறந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

4

இனிச் சொல்லப் போவதுதான் என்னுடைய கேவலம்.

எங்கள் முறையில் மீன் எத்தனை கிலோ என்பதை அப்படியே வைப்பதில்லை. அதன் மடக்கையை எடுத்துக்கொள்வோம். பள்ளிக்கூடத்தில் மடக்கைப் புத்தகம் புரட்டிய எல்லோருக்கும் ஒன்று தெரிந்திருக்கும். பூச்சியத்துக்கு மடக்கை கிடையாது. நானே எத்தனையோ பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் எழுதிக் காட்டியிருக்கிறேன். கணினியிடம் பூச்சியத்தின் மடக்கையைக் கேட்டால் அது சண்டை பிடிக்காது. அந்த இடத்தில் ஒரு புள்ளியை வைத்துவிட்டு, அந்த வீட்டைக் கணக்கில் இருந்து சத்தமில்லாமல் விட்டுவிடும்.

மீன் பிடிக்காமலே போன வீடுகள் எல்லாம் அப்படிப் புள்ளியாகின. மிச்சம் இருந்தவை, தோணியும் எஞ்சினும் தப்பிய வீடுகள். அவை ஒரு பருவத்துக்குள் பழைய நிலைக்கு வந்திருந்தன. வராமல் என்ன செய்யும்? மீண்டவர்களை மட்டும் எண்ணிவிட்டு, மீனவர் மீண்டுவிட்டனர் என்று எழுதினேன்.

இது தெரியாமல் செய்த பிழை என்று சொன்னால் நீங்களும் மன்னித்துவிடுவீர்கள். தெரிந்துதான் செய்தேன். மேற்பார்வையாளரிடம் கேட்டேன்.

"இந்தப் பூச்சியங்களை என்ன செய்வது?"

"அடிக்குறிப்பில் ஒரு வரி போடு" என்றார். "உன் முடிவு மிக அழகாக இருக்கிறது. அதைக் கலைக்காதே."

எனக்கு அன்று ஒரு பின்னேரம் மட்டும் மனம் உறுத்தியது. ஒரே ஒரு பின்னேரம். எனக்கு நாற்பத்தாறு வயது. மகள் பள்ளிக்கூடத்தில். விசாவும் வேலையும் அந்தக் கட்டுரையில் தொங்கின. அடிக்குறிப்பில் ஒரு வரி போட்டேன்: உற்பத்தி பதிவாகாத குடும்பங்கள் நீக்கப்பட்டன. பதிவாகாத என்று எழுதியிருக்கிறேன் பாருங்கள். ஹனிபா காக்காவின் முற்றத்தில் இருந்து என் கையாலேயே பதிந்துவிட்டு.

அந்தக் கட்டுரை எனக்கு வேலை தந்தது, நிரந்தரப் பதவி தந்தது, பேராசிரியர் பட்டம் தந்தது. எந்த நாட்டுக்குப் போனாலும் அதைத்தான் பேசச் சொன்னார்கள். சுனாமி வந்த பிறகும் யுத்தம் முடிந்த பிறகும் கூப்பிட்டுப் பேசவைத்தார்கள். எங்கள் சனத்தின் மீளுந்திறன் என்று நானும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பேசினேன். குளிரூட்டிய மண்டபங்களில், சால்மன் மீன் சாப்பிட்டுக்கொண்டு. மீளுந்திறன். கரையில் உழுத்துப்போன தோணியைப் பார்க்காமல் இருப்பதற்கு எங்கள் துறை ஆட்கள் கண்டுபிடித்த சொல் அது.

5

படிவங்கள் வீட்டின் மேல்தட்டில் ஒரு பெட்டிக்குள் கிடந்தன. பூச்சியப் படிவங்களை அந்தக் காலத்திலேயே தனியாகப் பிரித்து, தங்கூசி நைலோன் நூலால் கட்டி வைத்திருந்தேன். கிண்ணியாவில் வலை பின்னும் நூல்தான் அது. முடிச்சை அவிழ்க்கவே முடியவில்லை, கத்தரிக்கோலால் வெட்டினேன். எறியாமல் இத்தனை காலம் ஏன் வைத்திருந்தேன் என்று என்னையே கேட்டேன். நேர்மை என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். பயமாகவும் இருந்திருக்கலாம்.

கண் மங்கிவிட்டது, ஆகவே என் மகள் ஆரணியைக் கூப்பிட்டேன். ஒரு காப்புறுதி நிறுவனத்தில் கணக்குப் போடும் வேலை அவளுக்கு. நல்ல கெட்டிக்காரி. அவள் டச்சில் கேட்பாள், நான் தமிழில் பதில் சொல்வேன், எங்கள் வீட்டு ஒப்பந்தம் அது. சனிக்கிழமை வந்து மேசையில் உட்கார்ந்து ஒவ்வொரு படிவமாகக் கணினியில் ஏற்றினாள். ஓரங்களில் நஸ்ரீமா தமிழில் குறிப்பு எழுதியிருந்தாள். ஆரணிக்கு அதை வாசிக்கத் தெரியாது. எழுத்துக்களைப் படம் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"இதில் என்ன இருக்கிறது?"

"மூத்த மகன் கொழும்புக்குக் கூலிவேலைக்குப் போயிட்டான்."

"இது?"

"வலையை வித்திட்டாங்கள்."

"இது?"

"பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் நிப்பாட்டியாச்சு. ஒரு வருசத்துக்கு மட்டும் எண்டு சொல்லுறாங்கள்."

கொஞ்ச நேரம் அப்படியே போனது. பிறகு ஒரு படிவத்தில் கையை வைத்தாள். "இது மட்டும் உங்களுடைய எழுத்து."

எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"பூச்சியத்துக்குள் கோடு. சின்ன வயதில் எனக்கும் இப்படித்தான் போடச் சொல்லித் தந்தீர்கள். வகுப்பில் எல்லோரும் சிரித்தார்கள்."

தமிழ் எழுத்து ஒன்றுகூட வாசிக்கத் தெரியாத பிள்ளை, தன் பாட்டனாரின் பூச்சியத்தை அடையாளம் கண்டுவிட்டாள்.

ஏற்றி முடித்து, பழைய கோப்பில் இருந்த வீடுகளோடு சேர்த்து, மடக்கையை விட்டுவிட்டு, முதலில் வீடு கடலுக்குப் போனதா இல்லையா, போயிருந்தால் எவ்வளவு என்று இரண்டு படியாகக் கணக்கை ஓடவிட்டாள். அரை மணிநேர வேலை. என் வாழ்நாள் முடிவு தலைகீழாக விழுந்தது. மூடிய கடலுக்கு அருகில் இருந்தவர்களில் பெரும்பகுதியினர் தொழிலையே விட்டிருந்தார்கள், விட்டவர்கள் திரும்பவில்லை.

"அப்பா, இது முதலாம் வருட மாணவர் விடுகிற பிழை. நீங்கள் எப்படி..."

"பிழை இல்லை அம்மா. எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் விட்டனான்."

அவள் கணினியை மூடினாள். சுவரைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள், பிறகு பல வருடங்கள் கழித்து என்னோடு தமிழில் பேசினாள்.

"இந்த வீடு... அதாலயா வந்தது?"

"ஓம்."

தேநீர் போட்டு வைத்திருந்தேன். குடிக்காமல் போய்விட்டாள்.

6

உண்மையைச் சொல்வதற்கு எத்தனை படிவம் நிரப்பவேண்டும் என்று அதற்குப் பிறகுதான் தெரிந்தது.

கட்டுரை வந்த ஆய்விதழுக்கு எழுதினேன். திருத்தம் போடுவதானால் கட்டுரையாளர் இருவரும் ஒப்பமிடவேண்டுமாம். இரண்டாமவர் என் மேற்பார்வையாளர். முதியோர் இல்லத்தில் இருக்கிறார், தன் மனைவியையே யார் என்று கேட்கிறார். அதை எழுதினேன். அப்படியானால் மருத்துவச் சான்றிதழோடு விண்ணப்பித்தால், குழு கூடி ஒரு வருடத்துக்குள் ஆராயுமாம்.

பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி நேர்மைக்கென்று ஒரு கந்தோர் இருக்கிறது. அங்கே இருந்த இளைஞர் நான் சொன்னதை எல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "உங்கள் விடைபெறும் உரை நல்லபடியாக முடியட்டும், பிறகு ஆறுதலாகப் பார்க்கலாம்" என்றார். யாருக்கு ஆறுதல் என்று கேட்டேன். அவருக்கு அந்தக் கேள்வி பிடிக்கவில்லை. கள்ளனே வந்து நான்தான் எடுத்தேன் என்று சொன்னாலும், வரிசை இலக்கம் எடுத்துக்கொண்டு உட்காரச் சொல்லும் நேர்மை இவர்களுடையது.

நம் ஊர்க் கந்தோர்கள் மட்டும் திறமா? என் கட்டுரை பிழை என்று நான் கையொப்பமிட்டு அனுப்பிய கடிதத்தை அச்செடுத்து, நஸ்ரீமா ஓட்டோ பிடித்துத் திட்டக் கந்தோருக்குக் கொண்டுபோனாள். ஒரு மேசையில் இருந்து இன்னொரு மேசைக்கு அனுப்பி, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வரச் சொல்லி, கடைசியில் ஒரு உத்தியோகத்தர் வாசித்தாராம். அன்று பின்னேரம் அழைத்தாள்.

"ஏலாதாம் சேர்."

"என்னண்டு ஏலாது? அந்தக் கட்டுரையை எழுதினவனே நான்தானே?"

"நானும் அதத்தான் கேட்ட. அவர் சொல்றார், கட்டுரை பிரசுரிச்சதாம். கடிதம் பிரசுரிச்சது இல்லையாம். பிரசுரிச்ச ஆராய்ச்சிக்கு மறுப்புக் குடுக்கிறதெண்டா, அதுவும் பிரசுரமாகி இரிக்கோணுமாம். புத்தகம் எண்டா புத்தகத்துக்கு நம்பர் இரிக்கோணுமாம்."

இருபது வருடங்களுக்கு முன் நான் சொன்ன பொய், இன்று நான் சொல்லும் உண்மையைவிட உயர்ந்த உத்தியோகத்தில் இருக்கிறது. எனக்குக் கெட்ட வார்த்தை வந்தது. அவள் ஆசிரியை என்பதால் அடக்கிக்கொண்டேன்.

"சேர்" என்றாள், தயங்கி. "இப்பயாவது சொல்லுங்க. வாப்பாட வீடு?"

"இல்லை நஸ்ரீமா. நான்தான் எடுத்தனான்."

"சரி சேர், புள்ளைகளுக்கு டியூசன் இரிக்கு" என்று வைத்துவிட்டாள்.

மறுநாள் காலை, பீடத்துச் செயலாளர் மரிஸ்காவிடமிருந்து ஒரு நினைவூட்டல் வந்தது. விடைபெறும் உரையைச் சிறு புத்தகமாக அச்சிடுவது இங்கே வழக்கம். திங்கட்கிழமைக்குள் உரையை அனுப்பாவிட்டால் அச்சகம் ஏற்காது, புத்தக எண் ஏற்கெனவே எடுத்தாகிவிட்டது என்று எழுதியிருந்தாள்.

புத்தக எண். அந்த வரியை மூன்று தடவை வாசித்தேன்.

எழுதி வைத்திருந்த உரையைத் தூக்கி எறிந்தேன். அது ஒரு வாந்தி, அதைப் பற்றி வேறு சொல்ல ஒன்றுமில்லை. சனியும் ஞாயிறும் இருந்து புதிதாக எழுதினேன். என்ன செய்தேன், யாரை நீக்கினேன், நீக்காவிட்டால் முடிவு என்ன, எல்லாம். பெயர்களைப் போடவில்லை, அது அவர்களுக்குக் கொடுத்த வாக்கு. புதிய கணக்கின் அட்டவணைகளை ஆரணி ஒரு சொல்லும் இல்லாமல் மின்னஞ்சலில் அனுப்பிவைத்தாள். தலைப்பை மட்டும் மாற்றவில்லை. மாற்றினால் யாராவது திறந்து பார்த்துவிடுவார்கள். இந்தப் புத்தகங்களை ஒருவரும் படிப்பதில்லை என்பது எனக்கு வழமையாக எரிச்சல் தரும் விசயம். இந்தத் தடவை அதைத்தான் நம்பினேன். மரிஸ்கா "மிக அழகு!" என்று பதில் போட்டு அச்சுக்கு அனுப்பிவிட்டாள்.

7

உரையன்று அங்கிகள் வரிசையாக வந்து உட்கார்ந்தன. நான் ஏறி, எழுதியதை எழுதியபடியே வாசித்தேன். பீடாதிபதி முதலில் சிரித்த முகமாக இருந்தார். பிறகு கையிலிருந்த புத்தகத்தைத் திறந்து அங்கே இங்கே புரட்டத் தொடங்கினார். மூன்றாவது வரிசையில் ஆரணி இருந்தாள். வருவாள் என்று நான் நினைக்கவில்லை. "சொல்லி முடித்தேன்" என்றதும் ஒரு கணம் ஒருவரும் அசையவில்லை. வழக்கம் வழக்கம்தானே, பிறகு கைதட்டினார்கள்.

நிறுத்திவைத்துத் திட்டுவார்கள் என்று எதிர்பார்த்திருந்தேன். அதுகூட நடக்கவில்லை. வைன் கிளாசோடு ஒவ்வொருவராக வந்து, தைரியமான உரை என்றார்கள். எதற்குத் தைரியம்? ஓய்வூதியம் உறுதியான பிறகு உண்மை பேசுவதற்கா? அங்கியைப் போட்டபடியே கழுத்தைப் பிடித்து நெரிக்க வேண்டும்போல இருந்தது. யாருடைய கழுத்தை என்று கேட்டால், என்னுடையதைத்தான்.

என் மாணவராக இருந்து பேராசிரியராகிவிட்ட ஒருவர் என்னை ஒரு மூலைக்கு அழைத்துப் போனார். அக்கறையாகத்தான் சொன்னார். "உங்களுக்கு இவ்வளவு மனவருத்தம் தேவையில்லை. எல்லா வீட்டுக்கும் ஒரு கிலோவைக் கூட்டிவிட்டு மடக்கை எடுத்திருந்தால், ஒருவரையும் நீக்கத் தேவைப்பட்டிருக்காதே. நிறையப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள்."

ஹனிபா காக்காவின் வெறும் சட்டியில் ஒரு கிலோ மீனைப் போட்டுவிடச் சொல்கிறார். அவருக்கு அதைக் கற்றுக்கொடுத்தது நான்தான். பாற்கட்டித் தட்டை அவர் கையில் கொடுத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன். ஆரணி காரை வாசலுக்குக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தாள். வீட்டுக்கு வந்தோம். இறங்கும்போது, கிண்ணியாவுக்குப் போக எங்கே இறங்கவேண்டும் என்று கேட்டாள். திருகோணமலையில் இறங்கி பஸ் எடுக்கலாம், இப்போது பாலம் இருக்கிறது என்றேன்.

8

புத்தகத்தின் பத்துப் பிரதிகளை நஸ்ரீமாவுக்கு விரைவுத் தபாலில் அனுப்பியிருந்தேன். தவணைக்கு நாலு நாள் இருக்கும்போது நஸ்ரீமா அழைத்தாள். உத்தியோகத்தர் புத்தகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாராம். பின்னட்டையில் இருந்த எண்ணை விரலால் தொட்டு வாசித்தாராம். உள்ளே ஒரு பக்கமும் திறக்கவில்லையாம். சீல் குத்தி, ஆட்சேபங்களோடு சேர்த்துக் கோப்பில் போட்டுவிட்டாராம்.

"ஏத்துக்கொண்டாங்க சேர். என்ன முடிவு எடுப்பாங்களோ தெரியா. ஒரு பருவம் எண்டு இனி அப்பிடியே எழுதிப்போட்டுப் போக ஏலாது, ஏனெண்டு சொல்லோணும்."

நல்லது என்றேன்.

"சேர், வாப்பா பக்கத்தில இரிக்கார். உங்களோட கதைக்கோணுமாம்."

ஹனிபா காக்கா உயிரோடு இருக்கிறாரா என்று நான் இத்தனை நாளும் கேட்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. கேட்கப் பயந்திருக்கிறேன். தொலைபேசி கைமாறும் சத்தம் கேட்டது, பின்னால் காகம் கத்தியது.

"தம்பி, சுகமா?"

"சுகம் காக்கா. நீங்கள்?"

"இரிக்கம். மகள் எல்லாம் வாசிச்சு வாசிச்சு சொன்னா. என்ட வீட்ட நீங்க எடுத்துப்போட்டீங்களாம்."

"ஓம் காக்கா. எனக்கு அப்ப வேலை கிடைக்கோணும். அதுக்காக எடுத்தனான்."

"கிடைச்சதா?"

"கிடைச்சது."

அவர் கோபப்பட்டிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். இருமினார், தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அண்டைக்கு நீங்க அதுக்குக் குறுக்கால ஒரு கோடு போட்டீங்க. எனக்கு நல்லா ஞாபகம். ஒருத்தரும் மாத்த ஏலாது எண்டு சொன்னீங்க."

"ஓம்."

"மாத்த ஏலாது எண்டுதான் தம்பி சொன்னீங்க. தூக்கி எறிய ஏலாது எண்டு சொல்லல்ல. நானும் கேக்கல்ல."

அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லிவிட்டார்கள் என்று, தொலைபேசியை மகளிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.